42 நாள்களும் ஒரு பருவமும்: ஓவிய ஆசிரியர் பயிற்சி குறித்து ஒரு மதிப்புரை

ஓவிய ஆசிரியர் வேலைக்குத் தகுதி பெற விரும்புகிறவர்கள் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் பின்பற்றி வரும் வழி ஒன்று உண்டு. அரசின் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியப் பாடங்களை முதலில் லோயர் கிரேடிலும் பிறகு ஹையர் கிரேடிலும் எழுதித் தேறி, அதன்பின் கோடை விடுமுறையில் 42 நாள்கள் நடக்கும் தொழிலாசிரியர் பயிற்சியில் சேர்ந்து, முடிவில் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதே அந்த வழி. பேச்சுவழக்கில் எல்லாரும் இதை டிடிசி என்றே சொல்கிறார்கள். நான் இந்தப் பயிற்சியை முடித்தவள். முடித்த கையோடு, அந்த ஆண்டு பள்ளி திறந்ததும், காவிரியின் கடைமடைப் பகுதியில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப்பள்ளியில், ஓவிய ஆசிரியர் ஒருவருடைய வகுப்புகளில் காலாண்டுத் தேர்வு வரை வாரத்துக்கு இரண்டு நாள் உடனிருந்தவள். பயிற்சியில் சேரலாமா, சேர்ந்தால் பாடம் நடத்தத் தெரிந்துவிடுமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் ஏப்ரல் மாதம் வந்தால் அதிகமாகிவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதிப் பதில் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. இரண்டு அனுபவங்களையும் சேர்த்தே மதிப்பிடுகிறேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் மற்றதன் அளவு தெரியாது.

நிறைவானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 42 நாள்களில் எனக்கு முழுப் பயன் தந்தது கரும்பலகை. ஹையர் கிரேடு தேறியவர்கள் எல்லாருமே மேசைமீது தாளை விரித்து, மணிக்கட்டை ஊன்றி, பென்சிலால் வரைந்து பழகியவர்கள். கரும்பலகையில் அந்தப் பழக்கம் சிறிதும் உதவாது. மணிக்கட்டால் இழுத்த கோடு முதல் வரிசைக்கு நடுக்கமாகத் தெரியும், கடைசி வரிசைக்குத் தெரியவே தெரியாது. தோளிலிருந்து கையை வீசி ஒரே இழுப்பில் பானையின் வளைவைக் கொண்டுவருவது, வரையும்போதே உடலைப் பக்கவாட்டில் ஒதுக்கி வகுப்பின் பார்வைக்கு வழிவிடுவது, சாக்பீஸை இரண்டாக ஒடித்துப் படுக்கவைத்துத் தேய்த்து நிழலை உண்டாக்குவது, நீரில் நனைத்த சாக்பீஸ் வரையும்போது மங்கலாகத் தெரிந்து உலர்ந்தபின் பளிச்சென்று வெளுக்கும் என்பதை அறிந்து கையின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்வது ஆகியவற்றை அங்கேதான் கற்றேன். பயிற்சியளித்தவர்கள் கறாரானவர்கள், அதே வேளையில் பத்தாவது முறை கேட்டாலும் எழுந்து வந்து வரைந்து காட்டச் சலிக்காதவர்கள். முதல் வாரத்தில் என் வட்டங்கள் கத்தரிக்காய் வடிவில் இருந்தன. மூன்றாம் வாரத்தில் அவை வட்டங்களாகிவிட்டன.

பாடக்குறிப்பு எழுதும் பழக்கமும் அங்கே கிடைத்ததுதான். 40 நிமிடப் பாடவேளையை ஆர்வமூட்டல், அறிமுகம், செய்துகாட்டல், மாணவர் செயல்பாடு, மதிப்பீடு என்று கூறுபோட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே நிமிடக் கணக்கை எழுத வேண்டும். மாணவர் செயல்பாட்டுக்கு நான் வழக்கமாக ஒதுக்கியது 25 நிமிடம். அந்தக் குறிப்பேட்டை இன்றும் வைத்திருக்கிறேன். கையெழுத்து அழகாக இருக்கிறது.

குறை என்று நான் கருதுவது எந்த மையத்தையும் எந்தப் பயிற்றுநரையும் சார்ந்ததன்று. அது பயிற்சியின் அமைப்பிலேயே இருக்கிறது. பயிற்சி நடப்பது கோடை விடுமுறையில். வேறு வேலையில் இருப்பவர்களும் கல்லூரியில் படிப்பவர்களும் சேர்வதற்கு அது வசதியான காலம் என்பது உண்மையே. ஆனால் அந்த நாள்களில் எந்தப் பள்ளியிலும் பிள்ளைகள் இல்லை. ஆகவே பாடம் நடத்திப் பழகுவதற்கு நமக்குக் கிடைக்கும் வகுப்பு என்பது உடன் பயில்கிறவர்களின் வகுப்புதான். என் மாதிரிப் பாடத்தின் தலைப்பு மாமரம், ஆறாம் வகுப்புக்குரியது. முன்னால் அமர்ந்திருந்த ஆறாம் வகுப்பு மாணவர்களில் ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள். இன்னொருவர் பிளக்ஸ் பேனர் கடை வைத்திருப்பவர். மரத்தின் பாகங்களைக் கூறுங்கள் என்று நான் கேட்டதும் ஒரு டஜன் கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. வேர், தண்டு, கிளை, இலை என்று நான் எழுதி வைத்திருந்த வரிசையிலேயே பதில்கள் வந்தன. அடுத்து அவரவர் முறை வரும் என்பதால் யாரும் யாருக்கும் தொல்லை தருவதில்லை என்பது எங்களுக்குள் இருந்த எழுதாத ஒப்பந்தம். எல்லாருடைய மாமரமும் நன்றாக வந்தது. அனைவரும் ஹையர் கிரேடு தேறியவர்கள் அல்லவா? எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

மற்ற ஆசிரியர் படிப்புகளோடு ஒப்பிட்டால்தான் இந்தக் குறையின் அளவு புரியும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி பி.எட். படிப்பு இரண்டு ஆண்டுகளாயிற்று. அதில் முதலாண்டில் 4 வாரமும் இரண்டாமாண்டில் 16 வாரமுமாக மொத்தம் 20 வாரங்கள் பயிற்சி மாணவர் பள்ளியோடு தொடர்பில் இருந்தாக வேண்டும். கணக்கும் அறிவியலும் கற்பிக்கப்போகிறவருக்கு 20 வாரம் உண்மையான வகுப்பறை தேவைப்படுகிறது. ஓவியம் கற்பிக்கப்போகிறவருக்கு மொத்தப் பயிற்சியே 6 வாரம். அதே ஒழுங்குமுறைகளில் காட்சிக்கலைக்கென்றே ஈராண்டுப் பட்டயப் படிப்பு ஒன்றுக்கான விதிகளும் இருக்கின்றன. என்னோடு பயின்றவர்களில் ஒருவர்கூட அதைக் கேள்விப்பட்டதில்லை. ஓவியம் தெரிந்தவருக்கு ஓவியம் கற்பிக்கவும் தெரியும் என்கிற பழைய எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது என்று நினைக்கிறேன். சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அந்த அளவுக்கு நீண்ட மரபு நம்மிடம் இருக்கிறது; ஆனால் அது ஓவியரை உருவாக்கும் மரபு. பதினொரு வயதுப் பிள்ளையின் முன்னால் நின்று என்ன செய்வது என்பது வேறு கலை.

அதைக் கற்கத்தான் பள்ளிக்குப் போனேன். இதற்கு முறையான ஏற்பாடு எதுவும் இல்லை. தலைமை ஆசிரியரைப் பார்த்து, சான்றிதழைக் காட்டி, ஊதியம் எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதிக்கொடுத்து அனுமதி பெற்றேன். ஓவிய ஆசிரியர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். பிள்ளைகளுக்கு அவர் டிராயிங் சார். முதல் நாள் நான் புதுக் குறிப்பேட்டோடு கடைசி பெஞ்சில் அமர்ந்து, அவர் கரும்பலகையில் வரைவதைக் குறித்துக்கொள்ளத் தயாரானபோது அருகே வந்து சொன்னார்: “போர்டைப் பார்க்காதீங்கம்மா. என்னையும் பார்க்க வேணாம். ஏதாவது ஒரு பிள்ளையைப் பிடிச்சுக்குங்க. பெல் அடிக்கிற வரைக்கும் அதை மட்டும் பாருங்க. மணி பார்த்து எழுதுங்க.”

மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஒரு சிறுமியைத் தேர்ந்துகொண்டேன். ஆறாம் வகுப்பு. முந்தைய பாடவேளையின் ஆசிரியர் வெளியேறப் பிந்தியதிலும் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லி அமர்ந்ததிலும் 4 நிமிடம் போயிற்று. தாள் அவள் கைக்கு வர மேலும் 5 நிமிடம். பென்சில் முனை மழுங்கியிருந்தது. ஷார்ப்னர் நான்காம் பெஞ்சில் இருந்தது. அது வந்து சேர்ந்து, சீவி, முனை உடைந்து, மறுபடியும் சீவியதில் 4 நிமிடம். பிறகு தாளின் நான்கு பக்கமும் ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டாள். மார்ஜினின் மூலைகளில் சிறிய பூ வரைந்தாள். மேலே தன் பெயரையும் வகுப்பையும் இரட்டைக் கோட்டில் எழுதினாள். பக்கத்துப் பெண்ணின் தாளைப் பார்த்தாள். தன்னுடையதைக் கையால் மறைத்துக்கொண்டாள். வரைந்தாள், அழித்தாள், அழித்த துகளை ஊதினாள். மணி அடித்தபோது கூட்டிப் பார்த்தேன்: கொடுத்த தலைப்பை அவள் வரைந்த நேரம் 11 நிமிடம்.

சார் என் குறிப்பை வாங்கிப் பார்த்தார். “உங்க பாடக்குறிப்புல எவ்வளவு போட்டிருக்கீங்க?” என்று கேட்டார். 25 என்றேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரத்துக்கு 10 நிமிடத்தில் வரைந்து முடிக்கக்கூடிய ஒரு தலைப்பை யோசித்துக்கொண்டு வரச் சொன்னார். நிமிடங்களைக் கூறுபோட்டு எழுதியதெல்லாம் ஆசிரியரின் கடிகாரம், பிள்ளையின் கடிகாரம் வேறு என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். மார்ஜின் போடுவதை வீண் என்று நினைத்து அடுத்த வகுப்பில் தடுத்துப் பார்த்தேன். வெறுந்தாளைப் பார்த்தபடி பலர் உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளைத் தாளின் அச்சத்திலிருந்து தப்பிக்க அவர்கள் கண்டுபிடித்த நடைபாதை அது, அதையும் அடைத்துவிட்டேன்.

நான் செய்த பெரிய தவறு ஜூலையில் நடந்தது. கோடையில் உளவியல் பாடத்தில் பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சிப் படிநிலைகளை மனப்பாடமாகப் படித்திருந்தேன். கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் பகுத்தவை அவை: 2 முதல் 4 வயது வரை கிறுக்கல், பிறகு உருவத்தைத் தேடும் பருவம், 7 முதல் 9 வரை தனக்கென ஒரு வாய்பாட்டை அமைத்துக்கொண்டு வரையும் பருவம், அதன்பின் உள்ளபடி வரைய விரும்பும் பருவம் என்று போகும். வாய்பாட்டுப் பருவத்தில் பிள்ளை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரையும். தாளின் அடியில் ஒரு தரைக்கோடு போட்டு எல்லாவற்றையும் அதன்மீது நிறுத்தும். சுவருக்குள் இருப்பதும் வெளியே தெரியும்படி வீட்டை வரையும். தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஜூலையில் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தன் ஊருக்கு வரும் டவுன் பஸ்ஸை வரைந்துகொண்டிருந்தான். பக்கவாட்டில் நிற்கும் பேருந்துக்கு நான்கு சக்கரங்களையும் வரிசையாகப் போட்டிருந்தான். சன்னல்களில் ஒவ்வொரு பயணியும் கால்வரை தெரிந்தார்கள். ஓட்டுநர் நம்மைப் பார்த்து அமர்ந்திருந்தார். படியில் இரண்டு பேர் தொங்கினார்கள்.

நான் குனிந்து, அவன் பென்சிலை வாங்கி, “அந்தப் பக்கத்துச் சக்கரம் நமக்குத் தெரியாதுல்ல? பாரு, இப்படி” என்று சொல்லி, இரண்டு சக்கரங்களை அழித்து, பேருந்தின் முன்பக்கத்தைச் சாய்கோட்டில் திருப்பி வரைந்து காட்டினேன். என் கோடு சரியான கோடு. ஹையர் கிரேடில் அதற்குத்தான் மதிப்பெண் தந்தார்கள். அவன் தலையாட்டினான், பென்சிலைத் திரும்ப வாங்கிக்கொண்டான், நான் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்ததும் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டான். மணி அடிக்கும் வரை திறக்கவில்லை. படித்துத் தேறிய பாடத்தை நேரில் கண்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. புத்தகத்தில் அதற்கு ஒரு பெயர் இருந்தது; வகுப்பில் அது தவறாகப் போட்ட பேருந்தாகத் தெரிந்தது.

சார் அதைப் பார்த்திருக்கிறார். வகுப்பில் எதுவும் சொல்லவில்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது, பிள்ளையின் தாளில் ஆசிரியரின் பென்சில் படக் கூடாது என்பதை மட்டும் சொன்னார். காட்ட வேண்டியிருந்தால் கரும்பலகையில் காட்டலாம், இல்லையென்றால் கையில் துண்டுத்தாள் வைத்துக்கொண்டு அதில் காட்டலாம்; அவனுடைய தாளில் கூடாது. அடுத்த வாரம் அந்தச் சிறுவனிடம் அவர் கேட்ட கேள்வி வேறு: “படியில தொங்குறது யாருடா?” அவன் அண்ணனாம். உடனே அண்ணனுக்கு மீசை வந்தது, தோளில் பை வந்தது, பையில் டிபன் கேரியர் வந்தது. சக்கரம் நான்கும் திரும்பி வந்துவிட்டன. அதற்குப் பிறகு இன்றுவரை நான் சட்டைப்பை வைத்த குர்த்தா போட்டுக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறேன், துண்டுத்தாளுக்காக.

இந்த மதிப்புரையில் மலைக்காட்சியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த எவருக்கும் அது தெரியும்: இரண்டு முக்கோண மலைகள், நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் குடிசை, ஒரு தென்னை, வானத்தில் டிக் அடித்தாற்போல் பறவைகள். விருப்பம்போல் வரையுங்கள் என்று சொன்னால் 48 பேரில் 30க்கு மேற்பட்டோர் அதையே வரைந்தார்கள். கடைமடையில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். அந்தப் பிள்ளைகளில் பலர் மலையை நேரில் கண்டதில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. இனி மலை வரையக் கூடாது என்று சொல்லலாமா என்று சாரிடம் கேட்டேன். கையில் இருக்கிற ஒன்றையும் பிடுங்கிவிட்டால் வேறு எதை வரையும் என்று திருப்பிக் கேட்டார். பிறகு நடந்ததைத்தான் இந்தப் பயிற்சிக் காலம் முழுவதிலும் நான் பார்த்த மிகச் சிறந்த பாடம் என்று சொல்வேன்.

அவர் மலையைத் தொடவில்லை. ஆற்றைப் பிடித்தார். “இந்த ஆத்துல தண்ணி எப்பப்பா வரும்?” என்று ஒருவனிடம் கேட்டார். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்துசேர நாளாகும் என்பதும் தெரியும். அதுவரைக்கும் ஆற்றில் என்ன இருக்கும் என்று கேட்டார். மணல், ஆடு, கருவேலஞ்செடி, கிரிக்கெட் என்று பதில் வந்தது. கிரிக்கெட்டுக்கு ஸ்டம்ப் எங்கே நடுவீர்கள், மதகுப் பக்கமா பாலத்துப் பக்கமா என்று கேட்டார். அதில் இரண்டு தெருக்காரர்களுக்கிடையே சண்டையே வந்துவிட்டது. வரையச் சொன்ன கட்டளை எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. தாளை மட்டும் விநியோகித்தார். அன்றைய படங்களில் மலை பின்னால் அப்படியே இருந்தது, சூரியனும் எழுந்துகொண்டுதான் இருந்தது. ஆற்றுக்குள் மட்டும் ஆடுகள் நின்றன, மதகின் ஷட்டர்மேல் துணி காய்ந்தது, ஒருவன் பந்து வீசிக்கொண்டிருந்தான். ஆகஸ்டில் மலைகளின் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. இதைப் பாடக்குறிப்பாக எழுதினால் ஆர்வமூட்டல், 5 நிமிடம் என்று ஒரு வரியில் முடிந்துவிடும்.

எட்டாம் வகுப்பில் சிக்கல் வேறு விதமானது. அந்த வயதில் பிள்ளைகள் தங்கள் படத்தைத் தாங்களே மற்றவர் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பொருளைப்போல வரவில்லை என்றால் வரைவதையே விட்டுவிடுகிறார்கள். “எனக்கு வராது மிஸ்” என்று சொல்லிவிட்டு ஒருவன் ஓவிய வகுப்பில் கணக்கு வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டிருந்தான். சார் அந்த வகுப்பு முழுவதையும் இடது கையை மேசைமேல் வைத்து, தாளைப் பார்க்காமல், பென்சிலை எடுக்காமல், கையின் ஓரத்தைக் கண்ணால் தொட்டுக்கொண்டே வரையச் சொன்னார். முடிவில் எல்லாருடைய கையும் இஞ்சிக் கிழங்காக வந்திருந்தது, நன்றாக வரைகிறவள் என்று பெயரெடுத்த பெண்ணுடையது உட்பட. வகுப்பே சிரித்தது. கணக்கு எழுதிக்கொண்டிருந்தவனின் கிழங்கில் நகக்கண்ணும் தழும்பும் இருந்தன. இன்னொரு தாள் கேட்டான்.

இதே பயிற்சியை அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் நான் நடத்தினேன். படங்கள் நன்றாகவே வந்தன. மகிழ்ச்சியில் நான் மூன்று படங்களை எடுத்துத் தூக்கிக் காட்டி, இவற்றைப் பாருங்கள் என்றேன். மற்ற 40 பேரும் தங்களுடையதை மடித்துவிட்டார்கள். ஒரே பயிற்சி, ஒரே தாள், ஒரே நேர அளவு. கடைசி அரை நிமிடத்தில் நான் அதைப் போட்டியாக்கிவிட்டேன். 2022 முதல் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழாவில் போட்டிகளுக்கு இடமிருக்கிறது, அவற்றால் வெளிச்சத்துக்கு வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை மதியம் நடக்கும் வகுப்பு திருவிழா அன்று.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போஸ்டர் கலரை 48 பேருக்குப் பங்கிட முடியாது; தண்ணீர் கொட்டாத நாளே கிடையாது. க்ரேயான் பெட்டியில் வெள்ளைக் குச்சி கடைசி வரை முழுசாக இருக்கும். இளஞ்சிவப்புக் குச்சியைப் பிள்ளைகள் ஸ்கின் கலர் என்று அழைத்து, அம்மாவின் முகத்துக்கு அதைத்தான் பூசுகிறார்கள். பழுப்பின்மேல் ஆரஞ்சை மெதுவாகத் தேய்த்து, அதைத் தங்கள் முன்கையின் அருகே வைத்துப் பார்க்கச் சொன்னால் போதும், மீதியை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். இவையெல்லாம் 42 நாள் பயிற்சியில் எழாத கேள்விகள். ஏனெனில் அங்கே ஒவ்வொருவரிடமும் சொந்தப் பெட்டி இருந்தது.

பள்ளியில் எனக்கு ஏற்பட்ட மனக்குறை ஒன்றையும் மறைக்க வேண்டியதில்லை. ஓவியப் பாடவேளையைப் பிற பாடங்களுக்குக் கடன் கொடுப்பது அங்கே வழக்கமாக இருந்தது. கடன் என்பது பெயரளவில்தான். திரும்பி வந்ததை நான் கண்டதில்லை. அந்தப் பருவத்தில் நான் போன நாள்களில் ஏழு வகுப்புகள் அப்படிப் போயின. வாசலில் நின்று, “சார், இன்னிக்கு மட்டும்” என்று கேட்கும் ஆசிரியரைப் பழித்துப் பயனில்லை. அவருக்குத் தேர்ச்சி விழுக்காட்டுக் கவலை. ஆனால் பயிற்சிக்கு வந்தவள் அதிலிருந்தும் ஒன்றைக் கற்றுக்கொள்கிறாள்: இந்தப் பாடத்துக்குப் பள்ளியில் இருக்கும் மதிப்பு எவ்வளவு என்பது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் அட்டவணை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 மாணவர்களுக்கு மேல் இருந்தால் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்கிறது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. ஊதியம் பின்னர் சிறிது சிறிதாக உயர்ந்ததே தவிர, பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்கள் ஓயவில்லை. இந்தப் பயிற்சியில் சேர்கிறவர்கள் இந்த நிலவரத்தையும் தெரிந்துகொண்டு சேர்வது நல்லது. சான்றிதழ் வேலைக்கான தகுதி மட்டுமே. வேலைக்கான உறுதிமொழி அன்று.

இனி நேரடியாக மதிப்பிடுகிறேன். 42 நாள் பயிற்சிக்கு 10க்கு 6 தருவேன். கரும்பலகைப் பயிற்சிக்கு மட்டும் என்றால் 9 தரலாம். சான்றிதழ் இல்லாமல் அரசுப் பணிக்கு விண்ணப்பிப்பது பற்றிப் பேசவே முடியாது என்பதால், சேரலாமா என்ற கேள்விக்குச் சேருங்கள் என்பதே என் பதில். மையங்கள் ஒருசில ஊர்களில் மட்டுமே இருப்பதால் வெளியூர்க்காரர்களுக்குத் தங்குவதற்கும் உணவுக்கும் ஆகும் செலவுதான் பெரிய செலவு. அதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியை ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தபின் இரண்டு வாரமாவது நீட்டித்து, ஒவ்வொருவரையும் அருகிலுள்ள பள்ளியொன்றின் ஓவிய ஆசிரியரிடம் அனுப்பிவைத்தால் என் மதிப்பெண் உடனே மாறும். புதுக் கட்டடமோ புதுப் பாடத்திட்டமோ இதற்குத் தேவையில்லை. ஓர் ஆணைக் கடிதம் போதும்.

அதுவரைக்கும் அந்த ஒரு பருவத்தை நீங்களே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். முடிந்தால் பயிற்சிக்கு முன்பே, முந்தைய மூன்றாம் பருவத்திலேயே ஒரு வகுப்பறையில் உட்கார்ந்துவிடுங்கள். நான் பின்னால் போனதால் மே மாதத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எல்லாம் ஆகஸ்டில்தான் தோன்றின. அப்போது கேட்கப் பயிற்றுநர்கள் அருகில் இல்லை. ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள் இதைத் தங்களுக்குத் தேவையற்றது என்று நினைக்கக்கூடும். என்னுடன் பயின்றவர்களில் மிக நன்றாக வரையக்கூடியவர்தான் முதல் வேலையில் சேர்ந்த மூன்றாம் வாரம் தொலைபேசியில் என்னிடம், “பிள்ளைங்க என் படத்தைப் பார்த்துட்டு பென்சிலைக் கீழ வச்சுடறாங்க, என்ன பண்றது?” என்று கேட்டவர்.

போவதென்றால் பள்ளி திறந்த முதல் வாரத்தில் போகாதீர்கள். புத்தகம், சீருடை விநியோகத்தில் யாருக்கும் உங்களைக் கவனிக்க நேரமிருக்காது. இரண்டாம் வாரம் போங்கள். சொந்தமாக ஒரு டஸ்டர், இரண்டு ஷார்ப்னர், மணி பார்க்கக் கைக்கடிகாரம் எடுத்துப் போங்கள். கைபேசியில் மணி பார்த்தால் பிள்ளைகளின் கண்ணும் அதன்பின்னே போய்விடும். ஷார்ப்னரில் ஒன்றைக் கடைசி பெஞ்சில் கொடுத்துவையுங்கள்.